முகம் செதுக்குவது சுதந்திரம் ஆகாது

ரோல் பிளேயிங் கேம்களை, அதாவது ஆர்பிஜிகளை, ஊன்றி ஆடுகிறவர்களிடையே ஒரு கருத்து சட்டம்போல நிலைத்துவிட்டது. நாயகனை ஆட்டக்காரரே உருவாக்க வேண்டும். பெயர், பால், இனம், மூக்கின் நீளம், தாடையின் அகலம், தொழில், குணம் எல்லாம் அவர் கையில் இருக்க வேண்டும். அப்போதுதான் அது அசல் ஆர்பிஜி. பெயரும் பழைய வாழ்க்கையும் உள்ள ஒருவனை எழுத்தாளர்களே எழுதி நம்மிடம் ஒப்படைத்துவிட்டால் நம் சுதந்திரம் போயிற்று. அதன்பின் நாம் ஆடுவது யாருடைய கதையையோ. 2015இல் 'தி விட்சர் 3' வந்தபோதும் இதைச் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். 'ஃபைனல் ஃபேண்டஸி' போன்ற ஜப்பானிய கேம்களை ஆர்பிஜி என்று ஒப்புக்கொள்ளவே மறுப்பவர்கள் காட்டும் முக்கியக் காரணமும் இதுதான்.

இந்தக் கருத்தை நான் முழுதாக மறுக்கிறேன். அவரவர் ரசனை என்று விட்டுவிடலாமே என்பார்கள். விட முடியாது. ரசனையைச் சொல்வதோடு இவர்கள் நிற்பதில்லை. சுதந்திரம் என்றால் என்ன என்பதற்கே இலக்கணம் வகுக்கிறார்கள். அந்த இலக்கணம் பிழை. இந்தக் கலை எதைச் செய்ய வல்லதோ அதையே அது கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதில் ஒரு நியாயம் இருந்தது தெரியும். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தை வெளியிட்டார்கள். மேசையைச் சுற்றி நாலைந்து பேர், பகடைகள், தாள், பென்சில், ஆட்டத்தை நடத்த ஒருவர். என் ஆள் மடத்தை விட்டு ஓடிவந்த துறவி, மடத்துக்குத் தீ வைத்தவன் அவனுடைய சொந்த அண்ணன் என்று ஒருவர் சொன்னால் நடத்துகிறவர் அதைக் கேட்டுக்கொள்கிறார். இரண்டு வாரம் கழித்து ஏதோ ஒரு சத்திரத்தில் அந்த அண்ணன் எதிரே வந்து உட்காருவான். நாம் விதைத்ததை முளைக்கவைக்க அங்கே ஒரு மனிதர் இருக்கிறார். அந்த மேசையில் சொந்தமாக ஆளைப் படைப்பதற்கு முழு அர்த்தம் உண்டு.

கணினிக்குக் காது இல்லை. முகத்தை ஸ்லைடர்களால் இழுத்து இழுத்துச் செதுக்கிவிட்டு, இவன் அண்ணனால் வஞ்சிக்கப்பட்டவன் என்று நான் மனசுக்குள் முடிவுசெய்து கொள்ளலாம். கேமில் ஒருவருக்கும் அது தெரியாது. எந்தச் சத்திரத்திலும் அண்ணன் வரமாட்டான், ஏனென்றால் அவனை யாரும் எழுதவில்லை. கணினி கேமில் நாம் கேட்கும் ஒவ்வொரு பதிலும் பல மாதங்களுக்கு முன்பே யாரோ எழுதிவைத்தது. யார் வேண்டுமானாலும் நாயகனாக வரலாம் என்று எழுத உட்காரும் எழுத்தாளர், யார் வந்தாலும் பொருந்துகிற வசனத்தைத்தான் எழுதியாக வேண்டும். எல்லோருக்கும் பொருந்தும் வசனம் எவரையும் தொடாது. நாயகனை வெறுமையாக விட்டதற்கு நாம் கொடுக்கும் விலை இது. சுதந்திரக் கட்சிக்காரர்கள் இந்த விலையைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

2011இல் வந்த 'ஸ்கைரிம்' கேமை எடுத்துக்கொள்வோம். இந்தக் கட்சியின் கொடிமரமே அதுதான். எங்கும் போகலாம், எதுவும் ஆகலாம். நானும் அந்தப் பனிமலைகளில் மகிழ்ச்சியாகத் திரிந்தவன். அந்த நிலத்தின் அழகை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் நடப்பது என்ன? ஒரே ஆள் போர்வீரர் கூட்டத்துக்குத் தலைவன் ஆகிறான், திருடர் சங்கத்துக்குத் தலைவன் ஆகிறான், கொலைகாரர்களின் ரகசிய அமைப்பிலும் உச்சிக்குப் போகிறான். வின்டர்ஹோல்ட் மந்திரக் கல்லூரிக்குள் நுழையும்போது ஒரு மந்திரத்தைச் செய்து காட்டினால் போதும். அதன்பின் பெரும்பாலும் கோடரியாலேயே வழியை வெட்டிக்கொண்டு போய் அந்தக் கல்லூரிக்கே தலைமை மந்திரவாதி ஆகிவிடலாம். ஒரு பதவி இன்னொன்றைத் தடுப்பதில்லை. நேற்று கூலிக்குக் கொன்றவன் இன்று சபையில் நிற்கிறான் என்று யாரும் முகம் சுளிப்பதில்லை. எதைச் செய்தாலும் எதுவும் ஆகாது என்ற நிலையை நாம் சுதந்திரம் என்று அழைத்துப் பழகிவிட்டோம். நான் அதைத் தனிமை என்பேன். அந்த உலகத்துக்கு நம்மிடம் கேட்க எதுவும் இல்லை.

மறுபக்கத்துக்கு ஒரு சான்று வேண்டும். பயோவேர் 2009இல் வெளியிட்ட 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' அதை ஒரு பரிசோதனைபோலவே நடத்திக் காட்டியிருக்கிறது. அதில் முகத்தை நாம்தான் செய்கிறோம். ஆனால் ஆறு பிறப்புகளில் ஒன்றை எடுத்தாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எழுத்தாளர்கள் வீடு, உறவு, அவமானம் எல்லாம் எழுதிவைத்து, அதைக் கொஞ்ச நேரம் நம்மை வாழவும் வைக்கிறார்கள். பிறகு கதை எல்லோருக்கும் ஒன்றாகிறது. நடுவில் ஆர்சமார் என்ற இடம் வருகிறது, ட்வார்ஃப்களின் நிலத்தடி நகரம். அரசர் இறந்துவிட்டார். பட்டத்துக்கு இருவர் மோதுகிறார்கள்: இறந்தவரின் மகன் பெலன், மரபைக் காக்கும் பெரியவர் ஹாரோமான்ட். நமக்கு அவர்களுடைய படை வேண்டும். ஆகவே ஒருவரை அரியணையில் ஏற்ற வேண்டும்.

மந்திரவாதியாகப் பிறந்தவராக ஆடினால் இது வெளியூர் அரசியல். பெலன் இரக்கமில்லாதவன், ஆனால் சாதியற்றவர்களுக்கு உரிமை தருவான். ஹாரோமான்ட் கண்ணியமானவர், ஆனால் பழைய அடுக்குமுறையை அப்படியே வைத்திருப்பார். யோசித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு நகரலாம்.

அரச குடும்பத்து ட்வார்ஃபாக ஆடினால்? பெலன் நம் தம்பி. அண்ணன் சாவுக்கு வழிசெய்து, பழியை நம்மீது போட்டு, இருண்ட சுரங்கங்களில் செத்துப்போகட்டும் என்று நம்மைத் துரத்தியவன். நம் அப்பாவும் அதன்பின் போய்விட்டார். இப்போது அவன் எதிரே நின்று சீர்திருத்தம் பேசுகிறான். அவன் சொல்வது நாட்டுக்கு நல்லதுதான் என்றும் நமக்குத் தெரிகிறது. என்ன செய்வோம்?

சாதியற்ற ட்வார்ஃபாக ஆடினால் கதை மறுபடி மாறும். நம் முகத்தில் பிறப்பிலேயே குத்திய அடையாளம் இருக்கிறது. நம் அக்கா ரிக்கா பெலனின் அரண்மனையில் இருக்கிறாள், அவனுக்கு ஒரு பிள்ளையும் பெற்றிருக்கிறாள். ஹாரோமான்ட் காக்க நினைக்கும் மரபுதான் நம் முகத்தில் அந்தக் குறியைக் குத்தியது. அந்தப் பெரியவரின் கண்ணியம் நமக்கு எதற்கு?

மூன்று பேருக்கும் முன்னால் இருப்பவை அதே இரண்டு வாய்ப்புகள்தான். எண்ணிக்கையில் சுதந்திரம் ஒரு இம்மியும் கூடவில்லை. ஆனால் ஒருவர் கை பதறாமல் செய்வதை இன்னொருவர் கேமை நிறுத்திவிட்டு ஒரு ராத்திரி யோசித்துச் செய்கிறார். இந்தக் கனத்தைக் கொண்டுவந்தது நாம் செதுக்கிய மூக்கா? எழுத்தாளர்கள் நம்மைக் கேட்காமல் நம் தலையில் கட்டிய தம்பியும் அக்காவும். கடன்பட்டவன் எடுக்கும் முடிவுக்குத்தான் முடிவு என்று பெயர். யாருக்கும் எதுவும் பாக்கி இல்லாதவன் வெறுமனே பொத்தானை அழுத்துகிறான்.

இதையே இன்னும் தள்ளிக்கொண்டு போனால் 'தி விட்சர் 3' கேமின் நாயகர், கூலிக்கு அரக்கர்களை வேட்டையாடும் விட்சர் கெரால்ட் வருகிறார். போலந்து எழுத்தாளர் ஆந்த்ரே சப்கோவ்ஸ்கி பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்ட ஆள். அவர் தொழில், தழும்பு, காதல், கசப்பு எதிலும் நமக்குக் கேள்விமுறை இல்லை. அப்படியானால் 'தி விட்சர் 3' நமக்கு என்னதான் மிச்சம் வைத்தது? ஒரு தகப்பனாக இருக்கும் பொறுப்பை. சிரி அவருடைய வளர்ப்பு மகள். கேமின் முடிவில் அவள் பிழைக்கிறாளா, எந்த வாழ்க்கைக்குப் போகிறாள் என்பதைத் தீர்மானிப்பவை பெரும் போர்களோ சபதங்களோ கிடையாது. கெரால்ட்டின் ஆசான் வெசமிர் இறந்தபின் அவள் துவண்டுபோய் உட்கார்ந்திருக்கும்போது அவளைக் குடிக்கச் சொல்கிறோமா, வெளியே கூட்டிப்போய்ப் பனியுருண்டை வீசி விளையாடுகிறோமா. மந்திரக்காரிகளைச் சந்திக்கப் போகும்போது தனியாகப் போய்ப் பேசு என்று விடுகிறோமா, கூடவே போய் நிற்கிறோமா. அவள் கோபத்தில் அறையை உடைத்து நொறுக்கும்போது தடுக்கிறோமா, உடைக்க விடுகிறோமா. தனக்கு உதவி செய்ததால் செத்துப்போன ஒருவனின் கல்லறைக்குப் போக வேண்டும் என்று அவள் கேட்கும்போது நேரமில்லை என்கிறோமா.

இவை முக்கியமான முடிவுகள் என்று கேம் அறிவிப்பதில்லை. அந்த நேரத்தில் அவை சாதாரணப் பேச்சாகத்தான் தோன்றுகின்றன. அக்கறை என்ற பெயரில் மகளை நம்பாமல் இருந்தவர் கடைசியில் அவளைத் திரும்பப் பெறுவதில்லை. நம் விருப்பப்படி செய்த முகம் தெரியாத ஒரு வீரனை அங்கே நிறுத்திப் பாருங்கள். அந்தப் பனியுருண்டைக்கு அர்த்தமே இருக்காது. கெரால்ட்டை ஏற்கெனவே எழுதிவிட்டார்கள் என்பதால்தான் அவ்வளவு சின்னச் செயல் அவ்வளவு பெரிதாகிறது.

முன்பே வரையப்பட்ட நாயகன் என்றால் கைகால் கட்டப்பட்டவன் என்று நினைப்பவர்கள் 'டிஸ்கோ எலிசியம்' ஆடிப் பார்க்க வேண்டும். எஸ்டோனியாவில் முளைத்த ஜாஉம் குழு, ராபர்ட் குர்விட்ஸ் தலைமையில் எழுதி 2019இல் வெளியிட்ட கேம். நாயகன் நடுவயதுப் போலீஸ்காரன். குடித்துக் குடித்து நினைவே அழிந்துபோய் ஒரு விடுதி அறையில் உள்ளாடையோடு விழித்தெழுகிறான். கழுத்துப்பட்டி மேலே மின்விசிறியில் சுற்றிக்கொண்டிருக்கிறது. உடம்பு அவ்வளவு கெட்டிருக்கிறது. அந்தக் கழுத்துப்பட்டியை எட்டி எடுக்க முயன்று மாரடைப்பில் செத்து, கேம் முதல் நிமிடங்களிலேயே முடிந்தும் போகலாம். மற்ற கேம்களில் நாம் முகத்தைச் செய்யும் கட்டத்தில் இங்கே குளியலறைக் கண்ணாடி இருக்கிறது. அதில் தெரியும் முகம் ஏற்கெனவே பாழானது. நாம் செய்யவில்லை. ஆனால் இனி நம்முடையது.

அந்த ஒரு கண்ணாடியில் இந்த வாதத்தின் உயிர்நாடி இருக்கிறது என்று நம்புகிறேன். மனிதர் யாரும் தம் முகத்தை ஸ்லைடரில் செய்துகொண்டு பிறப்பதில்லை. வீடு, தாய்மொழி, உடம்பு, முன்பு செய்த தவறுகள் எல்லாம் கையில் வந்து விழுந்தபின்தான் இனி என்ன செய்யப்போகிறோம் என்ற கேள்வியே எழுகிறது. 'டிஸ்கோ எலிசியம்' அந்தக் கேள்வியை ஒவ்வொரு வாக்கியத்திலும் கேட்கிறது. அவனுக்குள் 24 திறன்கள் தனித்தனிக் குரல்களாகப் பேசுகின்றன. எதை வளர்க்கிறோமோ அந்தக் குரல் ஓங்குகிறது. தர்க்கத்தை வளர்த்தால் ஒருவன், பரிவை வளர்த்தால் வேறொருவன், உடல்வலிமையை வளர்த்தால் மூன்றாமவன். குடியை விடலாம், விடாமலும் இருக்கலாம். மன்னிப்புக் கேட்கலாம், பெருமையடிக்கலாம், தன் பெயரை ஒப்புக்கொள்ளாமல் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லித் திரியலாம். பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கும் சக போலீஸ்காரர் கிம் கிட்சுராகி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அவர் மதிப்பைப் பெற வேண்டும் என்று நான் துடித்த துடிப்பு வேறெந்த கேமிலும் எனக்கு வந்ததில்லை. அவன் அவ்வளவு கேவலமான நிலையிலிருந்து தொடங்கியதால்தான் அது வந்தது. பளபளப்பான ஒரு புது வீரனுக்கு எதிலிருந்து மீள வேண்டியிருக்கிறது?

செக் நாட்டின் வார்ஹார்ஸ் ஸ்டூடியோ 2018இல் தந்த 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்' இன்னொரு வகை. 1403ஆம் ஆண்டு பொஹீமியா. ஸ்காலிட்ஸ் ஊர்க் கொல்லரின் மகன் ஹென்றி. வாள் வீசத் தெரியாது, எழுத்து வாசனை கிடையாது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் இடம் மாறிக் குழம்பிக் கிடக்கும். திரையை வெறித்துப் பார்க்கும் நமக்கும் ஒன்றும் புரியாது. ஊஷிட்ஸ் ஊரில் ஓர் எழுத்தரைக் கண்டுபிடித்து, அவரிடம் உட்கார்ந்து படித்தால்தான் சொற்கள் மெல்ல ஒழுங்காகின்றன. இந்தத் தடையை எழுத்தாளர்கள்தான் வைத்தார்கள். ஆனால் முதல்முறை ஒரு முழு வரி தெளிவாகத் தெரியும்போது வரும் சந்தோஷம், எடுத்த எடுப்பிலேயே எல்லாம் தெரிந்த வீரனுக்கு எந்தக் காலத்திலும் கிடைக்காது.

நம் தெருக்கூத்தில் கர்ணன் வேடம் கட்டுகிறவரை யாரும் சுதந்திரம் இழந்தவர் என்று சொல்வதில்லை. கர்ணன் யார், எப்படிச் சாவான் என்பது எதிரே உட்கார்ந்திருக்கும் சிறுபிள்ளைக்கும் தெரியும். இருந்தும் ஒருவர் கட்டும் கர்ணன் இன்னொருவர் கட்டும் கர்ணன் இல்லை என்பதால்தான் ஊர் விடிய விடிய விழித்திருக்கிறது. கூத்துக்காரர் முடிவை மாற்ற முடியாது. கேம் ஆடுகிறவருக்கு அந்த உரிமையும் சேர்ந்தே கிடைக்கிறது.

எதிர்த்தரப்பிடம் வலுவான சான்றுகள் இல்லாமல் இல்லை. அவற்றில் முதலாவது 1997இல் வந்த 'ஃபால்அவுட்'. அதில் நாமே செய்த நாயகனின் அறிவுத்திறனை மிகக் குறைவாக வைத்தால் அவனால் கோவையாகப் பேசவே முடியாது; எதிரே நிற்பவர்களும் அவனை அப்படியே நடத்துவார்கள். அருமையான வேலை, மறுக்க மாட்டேன். ஆனால் அது என் வாதத்துக்கே துணை நிற்கிறது. எழுத்தாளர்கள் அப்படிப்பட்ட ஒருவனை முன்கூட்டியே நினைத்து, அவனுக்கென்று தனியாக வசனம் எழுதினார்கள். அந்த அளவுக்கு அவன் அவர்களால் வரையப்பட்டவன். வெறுமைக்கு அந்த கேம் பதில் சொல்லவில்லை, ஒரு குறிப்பிட்ட மனிதனுக்குப் பதில் சொன்னது.

இரண்டாவது 2015இன் 'ஃபால்அவுட் 4'. நாயகருக்குக் குரலும் குடும்பமும் கொடுத்தார்கள், கேம் கெட்டது என்பார்கள். கெட்டதை ஒப்புக்கொள்கிறேன். காரணத்தை ஒப்புக்கொள்ள முடியாது. கண்முன்னே வாழ்க்கைத்துணையைச் சுட்டுவிட்டுக் கைக்குழந்தையைத் தூக்கிப் போகிறார்கள். அந்தக் குழந்தையைத் தேடிக் கிளம்பிய பெற்றோரை, பழைய சாமான் பொறுக்கிக் குடியிருப்புகள் கட்டும்படி கேம் வாரக்கணக்கில் விட்டுவிடுகிறது. ஒரு கையால் கடந்த காலத்தைக் கொடுத்து மறுகையால் அதை மறந்துவிடு என்று சொன்னால் எந்தப் பாத்திரம் நிற்கும்? பேச்சையும் நான்கே பொத்தான்களுக்குள் சுருக்கினார்கள். நாயகரை எழுதியதில் பிழை இல்லை. எழுதியதை நம்பாமல் பாதியில் கைவிட்டதுதான் பிழை.

எண்ணிக்கையைக் காட்டுவார்கள். பெல்ஜியத்தின் லேரியன் ஸ்டூடியோ 2023இல் தந்த 'பால்டர்ஸ் கேட் 3', முழுக்க எழுதப்பட்ட நாயகர்களையும் தந்தது, நாமே செய்துகொள்ளும் வசதியையும் தந்தது. 93 சதவீதம் பேர் தாமே செய்த ஆளையே எடுத்தார்கள் என்று அந்த நிறுவனமே பின்னர் சொன்னது. சரி. ஆனால் அந்த 93 சதவீதம் பேர் ஆடி முடித்தபின் யாரைப் பற்றிப் பேசினார்கள்? அஸ்டாரியன், ஷேடோஹார்ட், கார்லாக், கேல். எழுதப்பட்டவர்களைப் பற்றித்தான். அதே கேமில் 'டார்க் அர்ஜ்' என்றொரு தேர்வு உண்டு: முகம் நம்முடையது, ஆனால் உள்ளே கொலைவெறி ஒன்றை எழுத்தாளர்கள் வைத்துவிடுகிறார்கள். ஓர் இரவு முகாமுக்கு ஒரு பாடகி வந்து தங்குகிறாள். காலையில் கையில் ரத்தத்தோடு விழிக்கிறோம். நம்மைக் கேட்காமலே நடந்துவிட்டது. அதன்பின் அந்த வெறிக்கு இடம் கொடுப்பதா, எதிர்த்து நிற்பதா என்று எடுக்கும் ஒவ்வொரு முடிவும், அந்தச் சுமை இல்லாத வழியில் எடுக்கும் முடிவைவிடப் பல மடங்கு கனக்கிறது.

நான் நின்று யோசிக்கும் எதிர்வாதம் ஒன்றே ஒன்றுதான். என்னைப் போன்ற முகத்தை கேமில் நான் பார்த்ததே இல்லை, முகம் செய்யும் வசதி வந்தபிறகுதான் பார்த்தேன் என்று பெண்களும் கறுத்த நிறத்தவர்களும் சொல்கிறார்கள். அது உண்மை. அந்த ஏக்கத்தைச் சிறுமைப்படுத்தும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் ஸ்லைடர் அவர்களுக்குக் கொடுப்பது தோலின் நிறத்தை மட்டும்தான். அந்த நிறத்தோடு வாழ்ந்த வாழ்க்கையை அது கொடுப்பதில்லை. 'ஆரிஜின்ஸ்' கேமில் நகரத்து எல்ஃப் பெண்ணாக ஆடினால் கதை அவளுடைய கல்யாண நாளில் தொடங்குகிறது. மனித ஆட்சியாளரின் மகன் ஆட்களோடு சேரிக்குள் புகுந்து மணப்பெண்களை இழுத்துப் போகிறான். அந்தப் பெண் பிற்பாடு எந்தப் பிரபுவின் முன்னால் நின்றாலும் நமக்கு அந்த நாள் ஞாபகம் வருகிறது. ஒதுக்கப்பட்டவர்களுக்கு கேம்கள் பட்டிருக்கும் கடன் இப்படிப்பட்ட எழுத்து. நிறத்தட்டை நீட்டிவிட்டு அந்தக் கடன் தீர்ந்தது என்று ஸ்டூடியோக்கள் சொல்ல நாம் அனுமதிக்கக் கூடாது.

2024 டிசம்பரில் 'தி விட்சர் 4' அறிவிக்கப்பட்டது. இந்தமுறை நாயகி சிரி. உடனே அதே குரல்கள்: ஏன் அவள், எங்கள் விட்சரை நாங்களே செய்துகொள்ள விடுங்கள் என்று. எனக்கு இதைவிடப் பொருத்தமான தேர்வு தோன்றவில்லை. போன கேமில் அவளைத் தனியாகப் போய்ப் பேசு என்று விட்டவர்களும் நாம்தான், கூடவே போய் அவள் வாயை அடைத்தவர்களும் நாம்தான். அந்த வளர்ப்பின் மறுமுனையில் இப்போது நம்மை நிறுத்தப் போகிறார்கள். தன்னை வளர்த்தவரின் தொழிலை எடுத்திருக்கும் ஒரு பெண், அவரிடமிருந்து எதை வைத்துக்கொள்வாள், எதை உதறுவாள்? இந்தக் கேள்வியை அவளிடம் மட்டும்தான் கேட்க முடியும். நேற்று செதுக்கிய ஒரு முகத்திடம் கேட்க முடியாது.